பழைய ஹார்ட் டிஸ்க்கை ஓட்டிப் பார்ப்பதா, மூடி வைப்பதா?

தக்கலை ஸ்டுடியோ:
கல்யாண வீடியோ, கோயில் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா என்று 2010-லிருந்து எடுத்ததெல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கிறது. வருஷம் ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. சுழலும் யந்திரம் ஓட ஓடத்தான் தேயும். நம்ம மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, போதாததற்குக் கடல் காற்று. சிலிகா ஜெல் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே நல்லது.

குளச்சல்காரன்:
டப்பா வேண்டியதுதான் அண்ணாச்சி, போர்டு துரு ஏறாது. ஆனால் உள்ளே ஒரு செக்டார், அதாவது தகவல் பதியும் சின்னப் பகுதி, கெட்டால், பத்து வருஷம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்கும் அன்றுதான் உங்களுக்குத் தெரியும். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 05, சி5 என்று இரண்டு வரி இருக்கும். 05 கெட்டுப்போய் ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டார்களின் கணக்கு. சி5 படிக்கத் திணறும் செக்டார்கள். சி5-இல் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே காப்பி எடுங்கள்.

தக்கலை ஸ்டுடியோ:
1 டிபியை யூஎஸ்பி 2-இல் முழுசாகப் படிக்க எட்டு மணி நேரம் ஆகும் தம்பி. பழைய டிஸ்க் அந்தச் சூட்டிலேயே போய்விடும்.

குளச்சல்காரன்:
அந்த இரண்டு வரியைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். முழுசாகப் படிப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் புது டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க. எட்டு மணி நேரம் தாங்காது என்று நீங்களே பயப்படும் டிஸ்க்கில், ஒரு குடும்பத்தின் கல்யாணம் ஒரே பிரதியாக இருக்கலாமா?

மார்த்தாண்டம் சர்வீஸ்:
திணறும் டிஸ்க்கில் தயவுசெய்து விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டாதீர்கள். அது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கைத்தான் ஒழுங்கு செய்யும்; உங்கள் படத்தைத் துண்டாக்கி வேறு ஃபோல்டரில் போட்டுவிட்டாலும் போட்டுவிடும். முதலில் கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளை வைத்து முழு டிஸ்க்கையும் நகல் எடுங்கள், அப்புறம் எதுவானாலும் நகலில் செய்யுங்கள். இன்னொன்று, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் எழுதும்போது கரண்ட் போனாலோ சட்டென்று பிடுங்கினாலோ ஃபோல்டரே காணாமல் போகலாம். யூபிஎஸ் இல்லாமல் பெரிய காப்பி வேண்டாம்.

தக்கலை ஸ்டுடியோ:
சரி, இரண்டு காப்பி. ஒன்றில் மாறுவது மற்றதிலும் தானாக மாறும்படி மிரர் வைத்துவிட்டால் முடிந்ததே?

குளச்சல்காரன்:
அதுதான் ஆபத்து. ஒரு ஃபைல் கெட்டால் மிரர் அந்தக் கெட்டதையே நல்லதன் மேல் எழுதிவிடக் கூடும். ஜேபெக்கில் ஒரு பிட் புரண்டாலே அதற்குக் கீழே படம் முழுக்க நிறம் மாறிப்போவது உண்டு. படம் நன்றாக இருக்கும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு, ஃபைல் மாறினால் அதுவும் மாறும்) எடுத்துப் பட்டியலாக வையுங்கள். இரண்டு காப்பியும் ஒத்துப்போகாத அன்று, எது அசல் என்று அந்தப் பட்டியல்தான் சொல்லும்.

தக்கலை ஸ்டுடியோ:
ஹேஷ் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருஷா வருஷம் சோதிப்பது புது டிஸ்க்கில் மட்டும். பழையதைக் காப்பி எடுத்ததும் டப்பாவில்தான் போடுவேன்.

குளச்சல்காரன்:
போடுங்கள், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 முறைப்படி மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். 2017 ஒக்கி புயல் சமயத்தில் நம்ம ஊர் நின்ற நிலை உங்களுக்கே தெரியும். மதுரையிலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில் ஒரு டிஸ்க் கொடுத்து வையுங்கள்.