எஸ்எஸ்பி முடிந்தது, மெரிட் லிஸ்ட் எப்போது வரும்?

கேள்வி:
முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சிடிஎஸ் தேர்வை எழுதி, சென்னை ஓடிஏ-வுக்கு (ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம்) எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வில் ரெக்கமெண்ட் ஆகிவிட்டேன், மெடிக்கலும் ஃபிட், ஆனால் யுபிஎஸ்சி இன்னும் மெரிட் லிஸ்ட் விடவில்லை. தினமும் தளத்தைத் திறந்து பார்ப்பதிலேயே பொழுது போகிறது, வேறு வேலையே ஓடவில்லை. ரெக்கமெண்ட் ஆனாலே இடம் உறுதிதானே?

பதில் 1:
வாழ்த்துகள் தம்பி. ஆனால் உறுதி இல்லை. ஓடிஏ-வுக்கு எழுத்துத் தேர்வு 200, எஸ்எஸ்பி 200, இரண்டையும் கூட்டித்தான் வரிசை போடுவார்கள், காலியிடம் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் சேரச் சொல்லிக் கடிதம் வரும். எழுத்தில் நல்ல மதிப்பெண் இருந்தால் தைரியமாக இருங்கள்.

பதில் 2:
அப்புறம், அந்த லிஸ்டில் மெடிக்கல் முடிவைக் கணக்கில் எடுப்பதில்லை. முன்னால் இருப்பவர் அன்ஃபிட் ஆனால் பின்னால் இருப்பவருக்கு வாய்ப்பு வரலாம். ஓட்டப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள், அடுத்த சிடிஎஸ்-க்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.