1971 எஸ்.எஸ்.எல்.சி. பிரிவு உபசார விழாவை அதே முறையில் நடத்த: குரூப் போட்டோ, அழைப்பிதழ், நாடகம்

வைகைவடகரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 1971-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் வருகிற பிப்ரவரியில் கூடுகிறார்கள். 42 பேர், கூடவே பழைய ஆசிரியர்கள் 3 பேர். சால்வை போட்டுச் சாப்பிட்டுக் கலையாமல், அந்தக் காலப் பிரிவு உபசார விழா எப்படி நடக்குமோ அப்படியே நடத்த வேண்டும் என்று விருப்பம். இப்போது படிக்கிற பிள்ளைகளும் பார்க்க வருகிறார்கள்.

குரூப் போட்டோவுக்கு வரிசை எப்படி நிறுத்துவது? சைக்ளோஸ்டைல் (மெழுகுத்தாள் ஸ்டென்சில் வழியாக மை இறக்கிப் பிரதி எடுக்கும் பழைய முறை) அழைப்பிதழ் இன்னும் போட முடியுமா? 20 நிமிடத்தில் கட்டபொம்மன் ஓரங்க நாடகம் ஒன்றும் உண்டு. அதற்கு உடை, ஒப்பனை, மைக் பற்றிச் சொல்லுங்கள். பழைய குரூப் போட்டோ ஒன்று சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போய் இருக்கிறது. அதையும் பிரதி எடுக்க வேண்டும். பேனரில் "1971 பத்தாம் வகுப்பு மாணவர்கள்" என்று அடிக்கக் கொடுக்கப்போகிறோம்.

கருப்புத்துணி:

முதலில் பழைய போட்டோ. கண்ணாடியிலிருந்து அதை உரிக்கவே உரிக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் போட்டோவின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். மெல்லிய வகை ஸ்கேனரும் வேண்டாம், கண்ணாடி இடையில் இருந்தால் மங்கும். சட்டத்தோடு சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து, கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, கேமரா லென்ஸை அதன் வழியாக நீட்டி எடுங்கள். துணி இல்லாவிட்டால் எடுப்பவர் சட்டையே கண்ணாடியில் தெரியும்.

அன்று குரூப் போட்டோ எடுத்த முறை இது. முக்காலியில் மரப்பெட்டி கேமரா, பின்னால் தலைகீழாகப் படம் தெரியும் மங்கல் கண்ணாடி, மேலே கறுப்புத் துணி. படம் பதியும் தகடுதான் பிளேட். முழுப்பிளேட் என்றால் 6½ × 8½ அங்குலம். அதே அளவில் தாளில் அச்சுப் போட்டுப் பெரிய அட்டையில் ஒட்டுவார்கள். லென்ஸ் துளையைச் சுருக்கினால்தான் முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றாகத் தெளியும். சுருக்கியதால் கால் நொடி, அரை நொடி திறந்து வைக்க வேண்டியிருக்கும். "அசையாதீங்க" என்று அதட்டியதும், படத்தில் ஒருவர்கூடச் சிரிக்காததும் இதனால்தான். கண் மூடியவர்களுக்காக இரண்டாவது பிளேட்டும் எடுப்பது உண்டு.

வரிசை: குட்டையானவர்கள் தரையில் சம்மணம் போட்டு. அதற்குப் பின்னால் நாற்காலியில் ஆசிரியர்கள், நடுவில் தலைமையாசிரியர். நடு என்று ஒன்று அமைய நாற்காலி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். அதன் பின் தரையில் நிற்பவர்கள், அதற்கும் பின் பெஞ்சின் மேல் நிற்பவர்கள். முன்னால் இருவர் தோளுக்கு இடையே பின்னவர் முகம் வரவேண்டும். முழு வரிசையும் கேமராவை நோக்கி லேசாக வளைந்திருக்கட்டும். நேர்கோட்டில் நின்றால் ஓரத்தில் உள்ளவர்கள் லென்ஸுக்குத் தூரமாகி மங்குவார்கள். ஆண்டும் வகுப்பும் எழுதிய சிலேட்டு முன்னால் நடுவில்.

பிப்ரவரி வெயிலுக்குக் காலை எட்டரைக்குள் முடியுங்கள். கட்டட நிழல் நல்லது. வேப்பமர நிழல் கூடாது. இலை இடுக்கில் விழும் வெயில் முகத்துக்கு முகம் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

மெழுகுத்தாள்:

பேனரை இன்றே நிறுத்துங்கள். 1971-ல் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்த பிறகுதான் பிளஸ் டூ. அதற்கு முன் பதினொன்று முடித்துக் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. (புகுமுக வகுப்பு). "1971 எஸ்.எஸ்.எல்.சி., பதினோராம் வகுப்பு" என்று போடுங்கள். இதில் தப்பு வந்தால் 42 பேருக்கும் முதல் பார்வையிலேயே உறுத்தும்.

சைக்ளோஸ்டைல் போட ஓடும் நிலையில் இயந்திரம் கிடைக்க வேண்டும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்யும்போது ரிப்பனை விலக்கிவிட வேண்டும். எழுத்து அச்சு நேராக மெழுகை வெட்டினால்தான் மை இறங்கும். ஓங்கி அடித்தால் சுழி எழுத்துகளின் நடுப்பகுதி அறுந்து விழுந்து கரும்புள்ளியாக வரும். படம், கையெழுத்து எல்லாம் ஊசிமுனைப் பேனாவால் கீறுவது. பிழையைத் திருத்து திரவம் தடவி, காய்ந்த பிறகு திரும்ப அடிக்க வேண்டும். காயுமுன் அடித்தால் தாள் கிழியும். வழுவழுப்பான தாள் ஆகாது, மை உறிஞ்சாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். சொரசொரப்பான டூப்ளிகேட்டிங் தாள்தான் வேண்டும்.

இயந்திரம் கிடைக்காவிட்டால் ஜெலட்டின் தட்டு இருக்கிறது. மாணவர்களின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏற்ற முறை இது. ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கிளிசரின் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைத்துத் தட்டில் ஊற்றி ஓர் இரவு உறையவிடுங்கள். நேரடித் தீயில் வைத்தால் குமிழி கட்டும். ஊதா நிறச் சாய மையில் எழுதிய தாளை அதன்மேல் ஒரு நிமிடம் கவிழ்த்து எடுத்தால் எழுத்து தட்டில் தங்கும். பிறகு ஒவ்வொரு வெள்ளைத் தாளாக வைத்து உருவ வேண்டியதுதான். 40, 50 பிரதி வரும், போகப்போக வெளிறும். பிள்ளைகள் கண்முன்னால் செய்துகாட்ட இதைவிட நல்லது இல்லை.

தொங்குமைக்:

உடைக்கு மதுரை புதுமண்டபத் தையல்காரர்களைப் பிடியுங்கள். அழகர் திருவிழாவுக்கு வேடம் கட்டுபவர்களுக்குத் தைப்பவர்கள் அவர்கள். மண்டபத்துக் கடைகள் இப்போது பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தில். தை மாதமே அளவு கொடுத்துவிடுங்கள்.

ஒப்பனைக்குத் தேங்காய் எண்ணெய் மெலிதாகத் தடவி, அதன்மேல் முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பொடியோடு நிறம் கலந்து பூசுவது பழைய வழக்கம். எண்ணெய் இல்லாமல் பூசினால் வியர்வையில் திட்டுத்திட்டாக உரியும். "அரிதாரம்" என்று பேச்சுக்குச் சொல்வதோடு சரி. அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த நஞ்சு, நாட்டுமருந்துக் கடையில் கேட்டு வாங்கிவந்து முகத்தில் பூசிவிடாதீர்கள். கலைக்கவும் தேங்காய் எண்ணெய்தான், சோப்பு அதற்குப் பிறகு.

மைக் அன்று மேலேயிருந்து கயிற்றில் தொங்கும், மேடைக்கு இரண்டு. வசனம் வந்ததும் நடிகர் அதன்கீழ் வந்து நின்று பேசிவிட்டு நகருவார். ஒத்திகையில் சாக்பீஸால் அந்த இடத்தில் வட்டம் போட்டுவிடுங்கள். குழாய் ஸ்பீக்கர்கள் மேடை விளிம்பைத் தாண்டி, சனத்தைப் பார்த்து முன்னால் இருக்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் போனால் ஊளையிடும்.

வைகைவடகரை:

பேனரை நிறுத்தியாச்சு, ரொம்ப நன்றி அண்ணே. ஒரு சிக்கல். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பத்துப் பேருக்கு மூட்டு வலி. சம்மணமும் முடியாது, பெஞ்சில் ஏறவும் முடியாது.

கருப்புத்துணி:

பெஞ்சே வேண்டாம். தரை வரிசையையும் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூட வராந்தாப் படியைப் பயன்படுத்துங்கள். நாற்காலி 13: நடுவில் மூன்று ஆசிரியர்கள், இருபுறமும் மூட்டு வலிக்காரர்கள் பத்துப் பேர். பின்னால் தரையில் நின்றபடி 16 பேர், அவர்களுக்குப் பின்னால் படியில் 16 பேர். 45 சரியாக வரும். அகலம் ஏழு மீட்டர் பிடிக்கும். நிற்பவர்கள் ஒரு தோளை லேசாக முன்னால் திருப்பினால் 16 பேரும் அடங்குவார்கள். ஆட்களை உயர்த்துவதற்குப் பதில் கேமராவை உயர்த்துங்கள். எடுப்பவர் மேசைமேல் ஏறி லேசாகக் கீழ்நோக்கி எடுத்தால் பின்முகங்கள் தெளிவாகத் தெரியும். போனில் எடுத்தாலும் அகலக்கோணம் வேண்டாம், ஓரத்து முகங்கள் இழுபடும். பின்னால் தள்ளிப்போய் எடுங்கள்.

இந்தப் படத்திலாவது பெயர் இருக்கட்டும். வரிசை கலையுமுன் ஒருவர் தாளோடு முன்னால் போய், ஒவ்வொரு வரிசையாக "இடமிருந்து வலம்" எழுத வேண்டும். கேமரா பக்கம் நின்று பார்க்கிறவரின் இடக்கைப் பக்கம்தான் 'இடம்'. நிற்பவர்களின் இடக்கைப் பக்கமிருந்து தொடங்கினால் பெயர்கள் எல்லாம் தலைமாறிப் போகும். எழுதியதைச் சத்தமாக வாசித்து, அவரவரைக் கை தூக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பழைய படத்தின் பிரதியையும் அன்றே பெரிதாக அச்சிட்டு, முகத்துக்கு முகம் எண் போட்டு, தெரிந்தவர்கள் பெயர் எழுதப் பென்சிலோடு மேசைமேல் வையுங்கள். ஆசிரியர்கள் மூவரையும் அந்த மேசைக்கு முதலில் கூட்டிப்போங்கள்.