பவுச்சைட்டிஸ்: சிப்ரோவைத் தொடரலாமா, புரோபயாட்டிக்குக்கு மாறலாமா?

கடலூரான்:
அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய்க்காகப் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து ஜே-பவுச் என்ற பை வைத்து 6 வருடம் ஆகிறது. பவுச்சில் அழற்சி, அதாவது பவுச்சைட்டிஸ், திரும்பத் திரும்ப வருகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் 10 நாளில் பழையபடி வயிற்று ஓட்டம், ஒரு நாளைக்கு 15 தடவை. அதனால் டாக்டர் சொல்படி 2 வருடமாக தினம் ஒரு 250 மில்லிகிராம். வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில் போகிறேன். இதில் என்ன தப்பு?

நெல்லைப்பெண்:
தப்பு இருக்கிறது அண்ணா. இந்த வகை மருந்தால் குதிகால் தசைநாண் கிழியலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-லேயே கட்டம் கட்டி எச்சரித்தது. 2018-இல் பெருந்தமனிக்கும் ஆபத்து என்றது. நல்ல கிருமிகளைக் கொடுக்கும் புரோபயாட்டிக்கை ஏன் முயலவில்லை? 2000-இல் வெளியான இத்தாலி ஆய்வில், 8 வகை நுண்ணுயிர் கலந்த பொடியை 20 பேர் 9 மாதம் சாப்பிட்டார்கள். 3 பேருக்குத்தான் திரும்ப வந்தது. வெற்றுப்பொடி சாப்பிட்ட 20 பேருக்கும் வந்துவிட்டது.

கடலூரான்:
அந்த ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள் தங்கச்சி. 2005-இல் வெளியான அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆய்வில் என்னைப் போல ஆன்டிபயாடிக் இல்லாமல் முடியாத 31 பேருக்கு அதே பொடியைக் கொடுத்தார்கள். 8 மாதம் கழித்து அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 6 பேர். மற்றவர்கள் நோய் திரும்பியோ, ஒத்துக்கொள்ளாமலோ விட்டுவிட்டார்கள். விலையும் மாத்திரையைவிடப் பல மடங்கு, ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டும். எங்கள் ஊர் கரண்ட்டை நம்பி அவ்வளவு காசு போடுவதா?

மோர்மிளகாய்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் சாப்பிட்டது சிப்ரோ இல்லை, மெட்ரோனிடசோல் என்ற வேறு ஆன்டிபயாடிக். 8 மாதத்தில் உள்ளங்காலில் ஊசி குத்துகிற மாதிரி ஆரம்பித்தது. பயந்துபோய் நானே நிறுத்தினேன், பவுச் பழிவாங்கியது. இப்போது ரிஃபாக்சிமின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக். அது ரத்தத்தில் அவ்வளவாகக் கலக்காதாம். ஆனால் விலை! கேட்டாலே வயிறு கலங்கும்.

நெல்லைப்பெண்:
சரி, கிளீவ்லாந்து கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொடி பலிக்காதவர்கள் காலம் முழுக்க சிப்ரோதான் என்று ஆகிவிடாது. குடல் அழற்சியை அடக்கும் வெடோலிசுமாப் ஊசிக்கு ஐரோப்பாவில் 2022-இல் பவுச்சைட்டிஸுக்காகவே அனுமதி கொடுத்தார்கள்.

கடலூரான்:
ஊசியின் விலையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் பாட்டுக்குத் தயிரும் மாத்திரையுமாக ஓட்டுகிறேன். தயிரிலும் நல்ல கிருமி இருக்கிறதே.

நெல்லைப்பெண்:
தயிரை அந்தப் பொடியோடு சேர்க்காதீர்கள், அது வேறு. அதிருக்கட்டும், மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?

கடலூரான்:
ராத்திரி, தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு.

நெல்லைப்பெண்:
அண்ணா! தயிரில் இருக்கிற கால்சியம் சிப்ரோவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுசாக உடம்பில் சேராது. 2 மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும்.

கடலூரான்:
2 வருடமாக இப்படித்தான் போடுகிறேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்கிறேன். பொடி மட்டும் வாங்க மாட்டேன்.