மறு: டிஜிட்டல் ஜூமுக்குத் தமிழ்ல என்ன? (திங்கட்கிழமைக்குள்ள வேணும்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு அவசர உதவி. பள்ளிக்கூட போட்டோ கிளப் பசங்களுக்காக, தினசரி உபயோகத்துக்கு கைக்கு அடக்கமான விலையில டிஜிட்டல் கேமரா பாத்து வாங்கறது எப்படின்னு நாலு பக்கக் குறிப்பு ஒண்ணு தமிழாக்கிட்டு இருக்கேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். சென்சாருக்கு உணரி, பிக்சலுக்கு படப்புள்ளி, லென்சுக்கு வில்லைன்னு ஓட்டிட்டேன். இடிக்கறது ஜூம். குறிப்போட உயிர் வரியே "பெட்டி மேல போட்டிருக்கற டிஜிட்டல் ஜூம் எண்ணைக் கண்டுக்காதீங்க, ஆப்டிகல் ஜூமை மட்டும் பாருங்க"ங்கறதுதான். (ஆப்டிகல்னா லென்சே பண்ற ஜூம், டிஜிட்டல்னா படத்தை கேமரா இழுத்துப் பெருசாக்கறது.) நான் போட்டது ஒளியியல் உருப்பெருக்கம், எண்ணிம உருப்பெருக்கம். ஒரு பொண்ணு படிச்சிட்டு, "எண்ணிமம்னா புதுசு, அப்ப அதுதானே சார் உசத்தி?"ன்னு கேட்டா. பேர் பொய் சொல்லுது போல. நல்லதா ஒண்ணு சொல்லுங்க.

---

> உருப்பெருக்கம்

இது அடிப்படையிலேயே தப்பு தம்பி. உருப்பெருக்கம் நுண்ணோக்கிக்கு. கேமராவுல 5 மடங்குன்னா கண்ணால பாக்கறதைவிட 5 மடங்கு பெருசுன்னு அர்த்தமில்ல, லென்சோட அதிகபட்ச குவியத்தூரத்தை (ஃபோகல் லெங்த், அது குறையக் குறைய படத்துல அடங்கற இடம் அகலமாகும்) குறைந்தபட்சத்தால வகுத்தா வர்ற எண் அது, அவ்ளோதான். 24ல ஆரம்பிச்சு 120 மிமீ வரை போனாலும் 5 மடங்கு, 35ல ஆரம்பிச்சு 175 போனாலும் 5 மடங்கு. சின்ன ரூமுக்குள்ள பத்துப் பேரையும் அடக்கி எடுக்கணும்னா முதல் கேமராதான் உதவும், ரெண்டாவதை வச்சுக்கிட்டு சுவத்துல முதுகு ஒட்டற வரைக்கும் பின்னாடி போகணும். அதனால 'மாறுகுவியம்'. டிஜிட்டல்ல குவியமே மாறல, அதனால அது தானா இந்தப் பேருக்கு வெளிய போயிடும். பிரச்சினை தீந்தது.

---

தீரலை ஐயா. மாறுகுவியம்னு போட்டா பசங்க மாறுகண்ணான்னு கேப்பாங்க.

---

நம்மகிட்ட இல்லாத ஜூமா? திருவள்ளுவமாலையில கபிலர் பேர்ல வர்ற வெண்பாவைப் பாருங்க, தினை அளவுகூட இல்லாத புல்நுனி நீர்த்துளி நெடும்பனையைக் காட்டுதுன்னு சொல்றார். அந்தக் 'காட்டும்'ங்கற வினையிலிருந்தே 'பனைக்காட்டு'ன்னு எடுத்துக்கலாம். இல்லேன்னா உறு, தவ, நனின்னு மிகுதி குறிக்கற உரிச்சொல் மூணு சும்மாதானே கெடக்கு, 'நனிநோக்கு' எப்படி?

---

பனை முழுசும் ஒரு துளிக்குள்ள அடங்குதுன்னா அது வைட் ஆங்கிள் ஐயா, அகலமா எல்லாத்தையும் அடக்கறது, ஜூமுக்கு நேர் எதிர். கபிலர் கையில இருந்தது 24 மிமீயைவிட அகலமான லென்ஸ்.

(நனிநோக்கு காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஜூமை திருப்பிக் குறைக்கும்போது என்னன்னு சொல்றது? 'குறுக்கம்'னா ஐகாரக்குறுக்கம் வந்து நிக்குது. 'அண்மிப்பு'ன்னு ஒருத்தர் தனிமடல்ல சொன்னாங்க, எனக்கு உடனே அண்மைவிளி ஞாபகம் வந்து தேர்வு பயம் வந்திடுச்சு.)

---

ஏங்க இந்தப் பாடு, ஜூம்ங்கறது ஆங்கிலத்துலயே வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு ஒலிக்குறிப்புதானே, நம்ம சர்ர்ரு மாதிரி. அப்படியே வச்சுக்கங்க. கிரந்தம் பிடிக்காதவங்க வடவெழுத்து ஒரீஇ 'சூம்'னு எழுதிக்கங்க.

---

சூம்பிப் போன மாதிரி இருக்கு அக்கா.

---

எங்கட ஆக்கள் டிஜிட்டலுக்கு 'இலக்கமுறை' எண்டுதான் எழுதுறவை. எண்ணிமம், மின்னிலக்கம் எல்லாம் பிறகு பாப்பம். ஆனா அந்தப் பிள்ளை கேட்டதுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லையே. அடைமொழி எதைப் போட்டாலும், ரெண்டிலயும் ஒரே பெயர்ச்சொல் இருக்கிற வரைக்கும் ரெண்டும் ஒரே சாதி எண்டுதான் வாசிக்கிறவை நினைப்பினம்.

---

அண்ணன் சொன்னதுதான் சரி. டிஜிட்டல் ஜூம் என்ன பண்ணுது? படத்தோட நடுப்பகுதியை வெட்டி எடுத்து இழுத்துப் பெருசாக்குது. 12 மெகாபிக்சல் கேமராவுல 2 மடங்கு வச்சா நிஜமா வேலை செய்யற புள்ளி 3 மெகாபிக்சல்தான், 4 மடங்கு வச்சா முக்கால் மெகாபிக்சல், மிச்சமெல்லாம் கேமரா தானா இட்டு நிரப்பறது. இதையே வீட்டுல கம்ப்யூட்டர்ல உக்காந்து நாமளே செஞ்சுக்கலாம், அதுக்கு எதுக்கு கேமராவுல காசு? அதனால 'வெட்டிப் பெருக்கல்'னு வச்சிடுங்க. வெட்டிங்கறது ரெண்டு அர்த்தத்துலயும் பொருந்தும்.

---

சிரிச்சு மாளல. ஆனா பெருக்கல்னா எனக்கு வெளக்குமாறுதான் தெரியுது, இல்லேன்னா வாய்ப்பாடு.

---

சிலேடை நல்லாருக்கு, கலைச்சொல்லுக்கு ஆகாது. கலைச்சொல் திட்டக் கூடாது. இப்ப 48 மெகாபிக்சல் உணரியில நடுவை 2 மடங்குக்கு வெட்டினா 12 மெகாபிக்சல் மிஞ்சும், சாதாரணப் படத்துக்கு அது தாராளம். அதைப் போய் வெட்டின்னு சொல்றது அநியாயம். 'வெட்டுப்பெருக்கம்'னா நடுநிலையா இருக்கும், வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்றும் முறையா மிகுது.

---

48ன்னு சொல்றீங்களே, அந்த உணரி எவ்ளோ பெருசு? விலை குறைஞ்ச சின்ன கேமரா பலதுல 6.2க்கு 4.6 மிமீ உணரிதான், பெரிய கேமராவுல வர்ற முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) உணரி 36க்கு 24. அந்தக் குட்டி இடத்துல புள்ளியை நெருக்கினா ஒவ்வொண்ணும் வாங்கற வெளிச்சம் குறையும், மங்கலான இடத்துல படம் பூரா பொரிபொரியா வரும். அதையும் வெட்டி இழுத்தா பொரி அரிசி சைசுக்கு வரும். இதை ஏன் சொல்றேன்னா அந்தப் பொரிக்கு 'இரைச்சல்'னு குறிப்புல போட்டிருக்கீங்க, படம் எப்படிங்க இரையும்? இதுக்கும் ஒரு இழை தொடங்கணும்.

---

தயவுசெஞ்சு இப்ப வேண்டாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணி. இதுவரை மாறுகுவியத்துக்கு ரெண்டு பேர், நனிநோக்குக்கு அதைச் சொன்னவர் மட்டும், ஜூம் அப்படியே இருக்கட்டும்னு ஆறு பேர். அதனால 'லென்ஸ் ஜூம்', 'வெட்டு ஜூம்'னு போட்டுட்டேன், வில்லையைக்கூட லென்சாக்கியாச்சு, மன்னிக்கணும். அதே பொண்ணுகிட்ட காட்டினேன். "வெட்டு ஜூம்னா ஏமாத்து வேலையா சார்?"ன்னா. பக்கத்தை மூடிட்டேன்.

---

போடுங்க. என் எதிர்ப்பை மட்டும் பதிவு பண்ணிக்கங்க. 'வெட்டு'க்கும் 'ஜூமு'க்கும் நடுவுல என்ன புணர்ச்சின்னு எந்த மாணவராவது கேட்டா என் முகவரியைக் குடுத்துடாதீங்க.