மறு: மறு: டிரான்ஸ்ஃபரன்சுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

(கலைச்சொல் மடற்குழு ஒன்றின் மடல்கள். எழுதியவர் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்.)

நங்கநல்லூர், செவ்வாய் காலை:

அனைவருக்கும் வணக்கம். மனநல ஆலோசகர் சான்றிதழ் வகுப்புக்காக உளப்பகுப்பாய்வு (ஃபிராய்ட் தொடங்கிய, பேச்சு வழியான மனச்சிகிச்சை) பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நனவிலி, கனவு எல்லாம் தாண்டியாகிவிட்டது. ஐந்தாம் அத்தியாயத்தில் டிரான்ஸ்ஃபரன்ஸ் குறுக்கே படுத்திருக்கிறது. சிகிச்சைக்கு வருபவர் சின்ன வயதில் அப்பாவிடமோ அம்மாவிடமோ வைத்திருந்த பாசம், பயம், கோபம் எல்லாவற்றையும் எதிரே உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர் மேல் தன்னையறியாமல் கொண்டுவந்து வைக்கிறாரே, அது. இப்போதைக்கு ‘இடமாற்றம்’ என்று போட்டிருக்கிறேன். வெள்ளி மாலை கோப்பு அச்சகத்துக்குப் போகிறது. கைகொடுங்கள்.

பெரம்பூர், செவ்வாய் மதியம்:

இடமாற்றம் வேண்டவே வேண்டாம். முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் இருந்தவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டாலே கலந்தாய்வும், மூட்டை முடிச்சோடு வந்தவாசி பஸ்ஸும்தான் ஞாபகம் வருகிறது. ‘உணர்வுப் பெயர்ச்சி’ எப்படி?

அண்ணாநகர், செவ்வாய் மதியம்:

பெயர்ச்சி என்றால் குருவும் சனியும் கூடவே வருவார்கள். எந்த ராசிக்கு நல்லது என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார்.

திருவல்லிக்கேணி, செவ்வாய் இரவு 11.20:

அன்பர்களே, சொல் நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. ஒன்றன் பெயர் இன்னொன்றுக்கு ஆகி வந்தால் ஆகுபெயர். ஒருவரோடு கொண்ட உறவு இன்னொருவருக்கு ஆகி வந்தால்? ஆகுறவு. ஆகு + உறவு, வினைத்தொகை. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்திருக்கிறது, பிழை இல்லை. நன்னூலில் ‘ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதைத் தொன்முறை உரைப்பன’ என்று வருகிறதல்லவா? அந்தத் ‘தொன்முறை’யைக் கவனியுங்கள். நினைவுகூர வேண்டியதை நினைவுகூராமல் நோயாளி திரும்பத் திரும்பச் செய்து காட்டுகிறார் என்று ஃபிராய்ட் 1914இல் எழுதினார். பவணந்தியார் முந்திக்கொண்டார்!

இன்னும் ஒன்று. ‘அவர் உங்களுக்கு என்ன ஆகணும்?’ என்றுதானே நாம் உறவு விசாரிக்கிறோம்? ஆகு என்ற வினைக்குள்ளேயே உறவு இருக்கிறது. ஆக்கம், ஆகுதி என்று தொடர்ந்து பார்த்தால்... நாளை விரிவாக எழுதுகிறேன்.

அண்ணாநகர், புதன் காலை:

ஐயா, ஆகுதி வடமொழி. அதை விடுங்கள். ஆகுறவு என்று அச்சில் கண்டால் மெய்ப்புப் பார்ப்பவர் ‘ஆகிறது’ என்று திருத்திவிடுவார். அதோடு நீங்கள் காட்டிய நூற்பாவே உங்களுக்கு எதிர். ‘அதற்கியை பிறிதை’ என்கிறது, தொடர்பு இருக்க வேண்டும். ஊர் சிரித்தது என்றால் ஊருக்கும் அதில் இருப்பவர்களுக்கும் தொடர்பு உண்டு. அந்த ஆலோசகருக்கும் நோயாளியின் அப்பாவுக்கும் என்ன தொடர்பு? அணியிலக்கணத்துக்குப் போங்கள். மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடியதைக் கோவலனை ‘வராதே’ என்று தடுத்ததாக இளங்கோ ஏற்றிச் சொன்னார். தற்குறிப்பேற்றம். ஏற்றம் என்ற சொல் கையில் கிடைத்துவிட்டது.

நங்கநல்லூர்: தற்குறிப்பேற்றம், தன் மனதில் உள்ளதைப் பிறர் மேல் ஏற்றிப் பார்க்கும் ப்ரொஜெக்‌ஷனுக்குத்தான் பொருந்தும். அதற்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே ‘புறத்தேற்றம்’ போட்டுப் பக்கமும் கட்டியாகிவிட்டது.

(இதன் பிறகு ஏற்றம் இறைப்பது வேறு, கமலை வேறு, கமலைதான் கவலையா என்று நான்கு மடல்கள் ஓடின. தேவைப்படுவோர் சேமிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.)

வேளச்சேரி, புதன் இரவு:

நான் இந்தச் சிகிச்சை வேலை பார்ப்பவள். சொல்லை விட்டு ஒரு நிமிஷம் அறைக்குள் வாருங்கள். ஆள் அடையாளமெல்லாம் மாற்றியிருக்கிறேன்.

சிகிச்சைக்கு வந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏழு மாதமாக வாரம் இரண்டு நாள், மாலை ஆறு முதல் ஆறு ஐம்பது வரை. ‘மேடம்’, ‘நீங்க’ தவிர வேறு பேச்சு கிடையாது. ஒரு நாள், அடுத்த மாதம் இரண்டு வாரம் நான் ஊரில் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினார். மேசை மேலிருந்த டிஷ்யூ பெட்டியை விளிம்புக்கு நேராக நகர்த்தினார். சரியாக இல்லையென்று மறுபடி நகர்த்தினார். அப்புறம் பெட்டியைப் பார்த்தபடியே, “சரி, நீயும் போ” என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “சாரி மேடம், நீங்க போயிட்டு வாங்க.”

“நீயும் என்றால், முதலில் போனது யார்?” என்று மட்டும் கேட்டேன். ஆறே முக்கால் வரைக்கும் மின்விசிறிச் சத்தம்தான். பிறகு, நாலு வயதில் அவரைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு அம்மா பிரசவத்துக்குப் போன கதை வந்தது.

நமக்கு ஆட்டோக்காரர் அண்ணன், கீரை விற்பவர் அக்கா. அதனால் ஒருவர் என்னை அக்கா என்று கூப்பிட்டால் அது மரியாதை, அவ்வளவுதான். அந்த ‘நீ’தான் நாம் பேர் வைக்கத் தேடுவது. அம்மா மேலிருந்த கோபம் அங்கிருந்து கிளம்பி என்னிடம் வந்துவிடவில்லை. அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. அதனால் மாற்றம், பெயர்ச்சி இரண்டும் சரிப்படாது.

இதைத் தொந்தரவு என்று ஒதுக்கவும் முடியாது, சிகிச்சையே இதை வைத்துத்தான். பழையது அறைக்குள் உயிரோடு வந்தால்தானே தொட முடியும்? டோரா என்ற பெயரில் ஃபிராய்ட் எழுதிய பெண் 11 வாரம் வந்துவிட்டு, 1900 டிசம்பர் 31ஆம் தேதி ‘இனி வர மாட்டேன்’ என்று போய்விட்டாள். வேறொருவர் மேலிருந்த வஞ்சத்தை என்மேல் தீர்த்துக்கொண்டாள், நான் அதை நேரத்தில் கவனிக்கவில்லை என்று 1905இல் அவரே ஒப்புக்கொண்டார்.

இன்னொரு சங்கடம். அந்த ‘நீயும் போ’வைக் கேட்டதும், விடுப்பை ரத்து செய்துவிடலாமா என்று எனக்கே ஒரு நினைப்பு ஓடியது. சிகிச்சையாளர் பக்கம் எழும் அதற்கும் பேர் வேண்டும். ‘எதிர்’ முன்னால் ஒட்டுகிற சொல்லாகப் பாருங்கள். என் ஓட்டு: உறவேற்றம்.

தாம்பரம், வியாழன் காலை:

டிரான்ஸ்ஃபரன்ஸ் என்றே எழுதிவிடுங்கள். நாளை இந்தப் பிள்ளைகள் மருத்துவமனையில் போய் உறவேற்றம் என்றால், டாக்டர் ரத்தம் ஏற்றுவதா என்று கேட்பார்.

திருவல்லிக்கேணி, வியாழன் மாலை:

தாம்பரத்தாருக்கு. ஃபிராய்ட் ஜெர்மனில் எழுதிய சொல் யூபர்ட்ராகுங். கடந்து, சுமந்து செல்வது. மொழிபெயர்ப்பையும் ஜெர்மன்காரர்கள் அப்படிச் சொல்வதுண்டு. நங்கநல்லூர் இத்தனை நாளாகச் செய்வதும் அதுதான்! மனதின் பகுதிகளை ‘அது’, ‘நான்’ என்று ஃபிராய்ட் வீட்டுப் பேச்சில் எழுதியதை ஆங்கிலத்தில் இட், ஈகோ என்று லத்தீனாக்கினார்கள். கிரீந்திரசேகர போஸ் 1922இலேயே கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கினார், நாம் இன்னும் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம். எளிய தமிழ் போதும்.

அண்ணாநகர்: எளிய தமிழ் கேட்பவர்தான் ஆகுறவும் கேட்கிறார்.

நங்கநல்லூர், வெள்ளி மாலை 4.10:

உறவேற்றம் ஆறு, டிரான்ஸ்ஃபரன்ஸ் இரண்டு, ஆகுறவு ஒன்று. பெரம்பூர் ஐயா எதுவானாலும் சம்மதம் என்கிறார், இடமாற்றம் தவிர. எனக்கும் முழுத் திருப்தி இல்லை, விலையேற்றம்தான் காதில் விழுகிறது. ஆனாலும் அந்த ‘நீயும் போ’வுக்கு அருகில் வருவது இதுதான். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் டிரான்ஸ்ஃபரன்ஸ் போட்டு, கோப்பை அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

திருவல்லிக்கேணி, வெள்ளி இரவு 11.50:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஒரே ஒரு ஐயம். ‘எதிர் உறவேற்றம்’ என்று பிரித்துப் போட்டீர்களா, ‘எதிருறவேற்றம்’ என்று சேர்த்தா? சேர்த்தால் வாயில் நுழையாது, பிரித்தால் உறவை எதிர்ப்பதாகிவிடும். எதிராகுறவு என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வருகிறதா இல்லையா?