வீட்டில் ஏடிஹெச்டி இருக்கும்போது, கைக்குழந்தைக்குக் கவனப் பயிற்சி: எங்கள் அனுபவம்

இரண்டு குழந்தைகளின் அம்மா:

என் கணவருக்கும் மூத்த மகனுக்கும் ஏடிஹெச்டி, அதாவது கவனத்தை ஒன்றில் நிறுத்தவும் துறுதுறுப்பை அடக்கவும் சிரமப்படும் குறைபாடு, உண்டு. மகனுக்கு அது உறுதியானது பள்ளிக்குப் போன பிறகுதான். அதனால் இளையவள் உட்காரப் பழகியதிலிருந்தே என் கண் அவள் மேல்தான். கிலுகிலுப்பையைப் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பினால்கூட மனம் படபடக்கும்.

அந்தச் சமயத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வில் சேர்ந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது ஏடிஹெச்டி இருக்கும் கைக்குழந்தைகளுக்கான கவனப் பயிற்சி அது. வீட்டுக்கே வருவார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். திரைக்குக் கீழே இருக்கும் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்துக் குழந்தை எங்கே பார்க்கிறாள் என்று கண்டுபிடிக்கும். திரையில் ஒரு பட்டாம்பூச்சி. அதையே பார்த்தால் பறக்கும், பார்வை விலகினால் நின்றுவிடும். போகப்போகப் பக்கத்தில் வேறு உருவங்களும் வந்து கவனத்தை இழுக்கும். பொத்தான் அழுத்தத் தெரியாத வயதில், கண்ணாலேயே விளையாடும் விளையாட்டு!

ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு வெறும் படம். நாங்கள் எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. பட்டாம்பூச்சி நிற்பது அவள் திரும்பியதாலா, படமே அப்படித்தானா என்று நான் உற்று உற்றுப் பார்ப்பேன். அவளோ சில நாள் பாதியிலேயே தூங்கிவிடுவாள். வந்தவர்கள் முகம் சுளித்ததே இல்லை. அவள் விழித்தால் தொடர்வார்கள், இல்லாவிட்டால் கிளம்பிவிடுவார்கள்.

பலன் இருந்ததா என்று கேட்டால், என்னால் சொல்ல முடியாது. வளர வளர எல்லாக் குழந்தைக்கும் கவனம் கூடத்தானே செய்யும்? ஒரே குழந்தையை வைத்து எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. இதே மாதிரி யாராவது செய்திருந்தால் எழுதுங்கள். வீட்டில் வேறு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஏடிஹெச்டி உள்ள ஓர் அப்பா:

சகோதரி, எனக்கு இது உறுதியானதே முப்பது வயதைத் தாண்டித்தான். மகன் பிறந்ததும் முதலில் வந்த பயம், 'என்னால் இவனுக்கும் வந்துவிடுமோ' என்பதுதான். ஆனால் என் மருத்துவர் பேச்சை என் பக்கம் திருப்பிவிட்டார். 'குழந்தையோடு விளையாடும்போது உங்கள் கவனம் எங்கே இருக்கிறது?' என்றார்.

2016-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றி அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் பார்வையைப் பதிவு செய்யும் சிறு கேமராவை மாட்டி, பொம்மைகளோடு விளையாட விட்டார்கள். குழந்தை பார்க்கும் பொம்மையைப் பெற்றோரும் பார்த்தபோது, குழந்தையின் கவனம் அதில் கூடுதல் நேரம் நின்றது. பெற்றோர் பார்வையை எடுத்த பிறகும் கொஞ்சம் நீடித்தது.

எனக்கு இது லேசான வேலை இல்லை. அவன் ஒரு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, என் கை அடுத்த பொம்மையை எடுக்கத் துடிக்கும். இப்போது போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒன்றிரண்டு பொருள்களோடு தரையில் உட்காருகிறேன். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவ்வளவு நேரம் உட்காரவே முடிந்தது. உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லுங்கள். நம் சிகிச்சையைக் கவனிப்பதும் பிள்ளைக்குச் செய்யும் உதவிதான்.

குழந்தை வளர்ச்சிப் பிரிவில் வேலை செய்பவர்:

இந்தக் குடும்பங்களோடு பேசுவதே என் அன்றாட வேலை. 'ஏடிஹெச்டிக்குப் பரம்பரைப் பங்கு சுமார் 74 சதவீதமாமே, அப்படியானால் என் குழந்தைக்கு 74 சதவீதம் வருமா?' என்று பலர் கலங்கிப்போய் வருவார்கள். இல்லவே இல்லை. மக்களிடையே இருக்கும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நெருங்கிய உறவில் இருந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் வராமலே வளரும் குழந்தைகள் ஏராளம்.

பட்டாம்பூச்சிப் பயிற்சியைப் பற்றியும் சொல்கிறேன். 2011-இல் லண்டனில் 11 மாதக் குழந்தைகளிடம் இதைச் செய்தபோது, சராசரியாக 77 நிமிடப் பயிற்சிக்குள் கவனத்தில் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் பொதுவான குழந்தைகள். அப்புறம் குடும்பத்தில் ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளிடம் செய்து, 2021-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை. வீட்டுக்குப் போய் இப்படிப் பயிற்சி தர முடியும் என்பது மட்டும் தெரிந்தது. ஆகவே இது இன்னும் ஆராய்ச்சிதான், சிகிச்சை இல்லை.

தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு 'குழந்தை மூளைப் பயிற்சி' என்று வரும் ஆப் எதையும் இறக்காதீர்கள். ஆய்வில் குழந்தையின் பார்வைக்குத் திரை பதில் சொல்கிறது. ஆப்பில் படம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

கைக்குழந்தைக்கு ஏடிஹெச்டி என்று யாராலும் முடிவு சொல்ல முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதலே 4 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் 12 மாதம் ஆகியும் பெயரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை, 18 மாதம் ஆகியும் எதையும் விரலால் சுட்டிக் காட்டவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். காது கேட்கும் திறனையும் வளர்ச்சியையும் பரிசோதியுங்கள்.

இரண்டு குழந்தைகளின் அம்மா:

ரொம்ப நன்றி. 74 சதவீதக் கணக்கைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். பல மாதமாக அவர் மனதுக்குள் வைத்துப் புழுங்கியது அதுதானாம். அவள் பெயர் சொன்னால் திரும்புகிறாள், சுட்டியும் காட்டுகிறாள். மூத்தவனும் தரையில் அவளோடு உட்காருகிறான், ஆனால் அவள் கையில் இருப்பதை உடனே பிடுங்கிவிடுகிறான். அண்ணன் தம்பிகளை இதில் எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.