ஊர்ப் பொதுக் குழு: 23ஆம் தேதி கருத்துக்கேட்பு

முத்து: (படம்) பேப்பர்ல விளம்பரம் வந்துடுச்சு பாருங்க. தொழிற்பூங்கா, 23ஆம் தேதி காலை 11 மணி. உள்ள டேட்டா சென்டர் வேற. நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட போகக்கூடாது. பந்தல் காலியா இருந்தா கூட்டம் ரத்துதானே?

வக்கீல் அண்ணன்: ரத்து ஆகாது தம்பி. 2006 இ.ஐ.ஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கைப்படி இந்தக் கூட்டத்துக்குக் கோரமே, அதாவது இத்தனை பேராவது வரணும்ங்கிற கணக்கே கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் "நடந்தது"ன்னு எழுதி அனுப்பிடலாம்.

முத்து: அப்ப எல்லாரும் போய் நடத்தவிடாம பண்ணிடுவோம்

வக்கீல் அண்ணன்: அது இன்னும் மோசம். மக்கள் சுதந்திரமா பேசுற நிலைமை அங்க இல்லைன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிக்கை கொடுத்தா, நேரடிக் கூட்டமே வேண்டாம்னு முடிவு பண்ண அதே அறிவிக்கையில வழி இருக்கு. மைக்கைப் பிடுங்கினா நம்ம வாயைத்தான் அடைச்சுக்கறோம்.

செல்வி அக்கா: இப்ப விட்டா டேட்டா சென்டர் கட்டுறப்ப இன்னொரு கூட்டம் வைக்க மாட்டாங்களா?

வக்கீல் அண்ணன்: மாட்டாங்கம்மா, அதான் விஷயமே. டேட்டா சென்டரைக் கட்டடமாத்தான் பார்ப்பாங்க. அது அந்த அறிவிக்கையோட அட்டவணையில 8வது இனம். 20,000 சதுர மீட்டருக்கு மேல போனா சுற்றுச்சூழல் அனுமதி வேணும், ஆனா மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. அனுமதி வாங்கின தொழிற்பூங்காவுக்குள்ள வர்ற கம்பெனிக்கும் விலக்கு. பூங்காவுக்கு நடக்குற இந்த ஒரு கூட்டம்தான் நமக்கு. உள்ள என்ன வந்தாலும் அதுக்கான கேள்வி 23ஆம் தேதியே பதிவாகணும்.

பெரியசாமி மாமா: பூங்காவே வேண்டாம்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு வந்துட்டா என்ன?

வக்கீல் அண்ணன்: சொல்லுங்க மாமா, கண்டிப்பா சொல்லுங்க. ஆனா அதோட நின்னா "சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்"னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. எத்தனை லிட்டர், எத்தனை டெசிபல்னு கணக்குக் கேட்டா கம்பெனி பதில் எழுதியே ஆகணும், அந்தப் பதில் இறுதி இ.ஐ.ஏ அறிக்கையில வரணும். நாளைக்குப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனா நம்ம கையில இருக்குறது அந்தக் காகிதம்தான்.

செல்வி அக்கா: இப்ப இருக்குற வரைவு இ.ஐ.ஏ அறிக்கை எங்க கிடைக்கும்?

வக்கீல் அண்ணன்: கலெக்டர் ஆபீஸ், ஒன்றிய அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி அலுவலகம். தமிழ்ல சுருக்க அறிக்கை இருந்தே ஆகணும். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல குறைஞ்சது 30 நாள் இருக்கணும், அதையும் எண்ணிப் பாருங்க. ஏதாவது ஒரு இடத்துல வைக்கலைன்னா இன்னைக்கே கலெக்டருக்கு எழுத்துல கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு சீல் வாங்கணும். கூட்டத்தன்னைக்கு சொன்னா "முன்னாடியே ஏன் சொல்லல"ன்னு கேப்பாங்க.

கதிர்: ஒன்றிய அலுவலகத்துல இருக்கு, பார்த்துட்டேன். டேட்டா சென்டர் 40 மெகாவாட்னு ஒரு வரி இருக்கு. தண்ணீர் அட்டவணையில அதுக்குத் தனி வரி இல்ல. மொத்தமா "தொழிற்சாலைப் பயன்பாடு"ன்னு போட்டு முடிச்சுட்டாங்க.

பெரியசாமி மாமா: கம்ப்யூட்டருக்கு எதுக்குப்பா தண்ணி

கதிர்: சூட்டை இறக்க மாமா. உள்ள போற கரண்ட் மொத்தமும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். கூலிங் டவர் வெச்சா அந்தச் சூட்டைத் தண்ணியை ஆவியாக்கித் தள்ளுவாங்க. ஒரு யூனிட் சூட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆவியாகும். 40 மெகாவாட் முழு லோடுல ஓடினா ஒரு நாளைக்கு 9.6 லட்சம் யூனிட். ஆவியாப் போறது மட்டும் 14.4 லட்சம் லிட்டர். இது உச்சக் கணக்கு, நிஜத்துல லோடு கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும்.

கதிர்: அதோட முடியல. தண்ணிதான் ஆவியாகும், உப்பு டவர்லயே தங்கிடும். அதனால கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட்டுப் புதுத் தண்ணி சேர்க்கணும். உப்பு மூணு மடங்கு ஏறுற வரைக்கும் சுத்த விட்டா, 14.4 லட்சம் ஆவியாக 21.6 லட்சம் லிட்டர் உள்ள போகணும். 12,000 லிட்டர் லாரின்னா 180 லோடு. மிச்சம் 7.2 லட்சம் லிட்டர் கழிவா வரும்.

செல்வி அக்கா: அந்தக் கழிவு எங்க போகும்? ஓடையிலயா?

கதிர்: கேள்வியே அதுதான் அக்கா. போர் தண்ணி டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்குற உப்பு, லிட்டருக்கு 1,200 மில்லிகிராம்னு வெச்சுக்கங்க. மூணு மடங்குன்னா 3,600. நீர்நிலையில விட வாரியத்தோட வரம்பு 2,100. பாசி பிடிக்காம, உப்புப் படியாம இருக்க ஊத்துற கெமிக்கல் வேற அதுல இருக்கும். ஓடையில விட முடியாது. ஆர்.ஓ. போட்டா அதோட ரிஜெக்ட் தண்ணி எங்க? வத்த வைக்கிற குளமா, காய்ச்சி ஆவியாக்குற எவாப்பரேட்டரா? அறிக்கையில "கழிவு மறுசுழற்சி செய்யப்படும்"னு மட்டும் இருக்கு. எத்தனை லிட்டர், எந்தக் கருவி, மிஞ்சுற உப்பு எங்க போகும்னு மூணும் தனித்தனியா கேக்கணும்.

முத்து: தண்ணியே வேண்டாம், ஏர் கூலிங்னு சொல்லிட்டா?

கதிர்: சொல்வாங்க. உடனே சத்தத்துக்குத் தாவுங்க. ஏர் கூல்டு சில்லர்னா (காத்தால சூட்டை இறக்குற குளிரூட்டும் மெஷின்) கூரை முழுக்க ஃபேன், ராப்பகலா ஓடும், கரண்டும் கூட இழுக்கும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. தொழிற்பகுதின்னா 70. அவங்க காம்பவுண்டுல அளந்து 70க்குள்ளன்னு காட்டுவாங்க. காலனியில கடைசி வீட்டு வாசல்ல ராத்திரி எவ்வளவு வரும்னு மாடலிங் கேளுங்க.

பெரியசாமி மாமா: கரண்ட் போனா அதுவும் நின்னுடும்ல 😀

கதிர்: நிக்காது மாமா, அதுக்குத்தான் ஜெனரேட்டர். கூலிங் எல்லாம் சேர்த்து 60 மெகாவாட்னு வெச்சா 2,000 கேவிஏ ஜெனரேட்டர் 38, ஸ்பேர் தனி. மொத்தமும் ஓடினா மணிக்கு 16,000 லிட்டர் டீசல். ஒரு நாள் இருப்புன்னாலே கிட்டத்தட்ட 4 லட்சம் லிட்டர். அந்த டேங்க் எங்க, ஸ்கூல்ல இருந்து எவ்வளவு தூரம்னு வரைபடத்துல இல்ல. 800 கிலோவாட்டுக்கு மேல போற இவ்வளவு பெரிய ஜெனரேட்டருக்குப் புகைபோக்கி குறைஞ்சது 30 மீட்டர் இருக்கணும், கட்டடத்துக்கு மேல 6 மீட்டராவது நிக்கணும். காத்துக் கணக்கை எத்தனை ஜெனரேட்டர் ஓடுறதா வெச்சுப் போட்டாங்கன்னு கேளுங்க. ஒண்ணு ரெண்டுக்குப் போட்டிருந்தா அந்த அத்தியாயமே செல்லாக்காசு.

செல்வி அக்கா: நில வகைப்பாட்டை நான் பார்க்கிறேன். சுருக்க அறிக்கையில "பெரும்பாலும் தரிசு"ன்னு இருக்கு. சர்வே நம்பர் வாரியா அடங்கல் (வி.ஏ.ஓ. எழுதுற பயிர்க் கணக்கு) எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சா தெரிஞ்சுடும். ஊர் நிலப் பதிவேடான ஏ-ரிஜிஸ்டர்ல ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் எது எதுன்னும் குறிச்சுடலாம். எஃப்.எம்.பி. படம் (நில அளவை வரைபடம்) இருக்கிறவங்க அனுப்புங்க.

வக்கீல் அண்ணன்: நல்லது. ஆய்வு எந்த மாசத்துல எடுத்தாங்கன்னும் பாருங்க. மழைக்காலம் தவிர ஒரு பருவம் எடுத்தா போதும்னு விதி. அதனால ஏரி காஞ்ச நேரத்துல எடுத்து "நீர்நிலை பாதிப்பில்லை"ன்னு எழுதுறது சகஜம். மூணு வருஷத்துக்கு மேல பழைய தரவும் ஆகாது. வேற மாவட்டத்துப் பேர் எங்கயாவது இருக்கான்னும் தேடுங்க. காப்பி அடிச்சவன் பேரை மாத்த மறந்திருப்பான்.

பெரியசாமி மாமா: நிலம் எடுக்குற நோட்டீஸ் வந்தா?

வக்கீல் அண்ணன்: அது தனி வழி மாமா. தமிழ்நாட்டோட 1997 தொழில் நில எடுப்புச் சட்டம்னா, ஊர் மக்களுக்கு என்ன பாதிப்புன்னு பார்க்குற சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது, 2021ல உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. அந்தச் சட்டத்தோட 3(2) பிரிவுல வர்ற நோட்டீஸுக்கு ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியா, கெடுவுக்குள்ள, எழுத்துல ஆட்சேபணை கொடுக்கணும். ஊர் மனுவுல கையெழுத்துப் போட்டது அதுக்கு ஈடாகாது.

முத்து: கிராம சபைத் தீர்மானம்?

வக்கீல் அண்ணன்: போடணும். அதுக்குக் கோரம் உண்டு. மக்கள்தொகை 3,001ல இருந்து 10,000 வரைன்னா 200 பேர். கையெழுத்து குறைஞ்சா தீர்மானம் செல்லாதுன்னு முதல் வேலையா அதைத்தான் பிடிப்பாங்க. மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில மத்திய அரசு ரத்து பண்ணிச்சே, அங்கயும் கிராம சபைத் தீர்மானம் இருந்தது. அது மட்டுமே காரணம்னு நினைக்க வேண்டாம், போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்துதான் நடந்தது.

செல்வி அக்கா: 23ஆம் தேதி யார் என்ன பேசுறது?

வக்கீல் அண்ணன்: ஆளுக்கு ஒரு கேள்வி, ரெண்டு நிமிஷம், பேரும் ஊரும் சொல்லிட்டு. தண்ணி கதிர், நிலம் செல்விம்மா, சத்தம் காலனியில இருந்து ஒருத்தர். வருகைப் பதிவுல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. வீடியோ எடுப்பாங்க, மைக்குல பேசினாத்தான் பதிவாகும். பேசினதை எழுத்துலயும் கொடுத்துடுங்க. முடிவுல நடவடிக்கைக் குறிப்பைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டணும், கலெக்டர் அன்னைக்கே கையெழுத்துப் போடணும். பாதிப் பேர் கலைஞ்சுபோற நேரம் அதுதான். விட்டுப்போன கேள்வி எதுன்னு அந்த நேரத்துல எழுந்து சொல்ல அஞ்சு பேராவது உட்கார்ந்திருக்கணும்.

கதிர்: ஒருவேளை அனுமதி கொடுத்துட்டா?

வக்கீல் அண்ணன்: 30 நாளுக்குள்ள சென்னை தென்மண்டலத் தீர்ப்பாயத்துல மேல்முறையீடு. தகுந்த காரணம் காட்டினா இன்னும் 60 நாள் வரைக்கும் ஏத்துப்பாங்க, அதுக்கு மேல ஒரு நாள்கூட கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதி விவரம் வர்ற அரசோட பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒரு தடவை யாராவது பார்த்துட்டே இருக்கணும். முத்து, அது உன் வேலை.

முத்து: சரிண்ணே. கேள்வி எல்லாம் டைப் பண்ணிடறேன். எத்தனை காப்பி?

வக்கீல் அண்ணன்: மூணு. கலெக்டருக்கு ஒண்ணு, வாரியத்துக்கு ஒண்ணு, சீல் வாங்கி நாம வெச்சுக்க ஒண்ணு.